ஆறாவது வட்டம்

ஏப்ரல் 7, திங்கள்

மிருதுளா அக்கா வந்துவிட்டாள். பெரியம்மாவின் மகள். சென்னையில் கல்லூரியை முடித்துவிட்டாள். வேலை கிடைக்கும்வரை ஒரு மாதம் எங்களோடு இருப்பாளாம். இரண்டு பெட்டி, செல்போன் மாட்டுகிற மூன்றுகால் ஸ்டாண்ட், தலைமேல் ஏற்றிவிட்ட கறுப்புக் கண்ணாடி. பெட்டிகளை என் கட்டிலில் வைத்தாள். நான் பாயை எடுத்துக்கொண்டேன்.

மாலையில் அப்பா அவளுக்குப் பட்டறையைச் சுற்றிக் காட்டினார். நான் பின்னால் நடந்தேன்.

"இந்தப் பக்கம் கூரைக்கடியில நிக்கறதெல்லாம் ஓடற வண்டி, கண்ணு. சாவி போட்டா மேட்டுப்பாளையம் போயிட்டு வந்துரலாம். அந்தப் பக்கம் வேப்பமரத்தடியில நிக்கறது வேலை வண்டி. வாங்கறவங்க ரெண்டு வருசம் பாடுபடோணும்."

"எல்லாமே அமெரிக்கா காரா சித்தப்பா?"

"எல்லாம் அமெரிக்காதான். இது பிளிமத், அம்பத்தஞ்சு மாடல். அடுத்தது டாட்ஜ். அங்க கண்ணு ரெண்டும் இல்லாம நிக்குது பாரு, அது ஸ்டுடிபேக்கர்."

"ஐயோ, செம க்யூட்!"

அப்பா சத்தமாகச் சிரித்தார். எனக்குப் பதினாறு வயதாகிறது. யாரும் என்னை இப்படிச் சுற்றிக் காட்டியதில்லை. எது ஓடுகிற வண்டி, எது வேலை வண்டி என்று நானாகப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பரவாயில்லை. விருந்தாளிக்குத்தானே சுற்றிக் காட்டுவார்கள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

இன்று பிளிமத்தைத் தட்டினேன். இந்த மாதம் விற்பனைக்குப் போகிற வண்டி அதுதான்.

என் வேலை இது. நடுவிரல் கணுவால் வண்டி முழுக்கத் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல தகரம் டங் என்கும். துருப்பிடித்த இடத்தில் பட்டி வைத்து மெழுகி, மேலே பெயின்ட் அடித்திருந்தால் டொக் என்கும். கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத் தெரியும். டொக் என்கிற இடத்தில் நீலச் சாக்பீஸால் வட்டம் போடுவேன். பிறகு வட்டங்களைப் பார்த்துக் குறைச்சீட்டு எழுதுவேன். வாங்க வருகிறவர் வண்டியின் கதவைத் திறப்பதற்கு முன்னால் அந்தச் சீட்டைக் கையில் கொடுத்துவிட வேண்டும் என்பது அப்பாவின் வழக்கம். கீழே அப்பாவின் கையெழுத்து இருக்கும். வண்டியின் பெருமையைப் பற்றி அதில் ஒரு வரியும் இருக்காது. குறை மட்டும்தான்.

பிளிமத்துக்கு ஆறு வட்டம். வலது முன் மட்கார்டு, இரண்டு முன் கதவுகளின் அடி, டிக்கியின் தரை, பின்விளக்கைச் சுற்றி. ஆறாவது வண்டிக்கு அடியில். இடது பின்சக்கரத்துப் பட்டை ஸ்பிரிங் சேசிஸ் என்கிற அடிச்சட்டத்தில் மாட்டியிருக்கிற இடம். யாரோ முன்பு வைத்திருந்தவர் துருவின் மேல் தகரத்தை ஒட்டி, பட்டி வைத்து, தார் பூசியிருக்கிறார். திருப்புளியால் குத்தினேன். அரைவிரல் உள்ளே போனது. மற்ற ஐந்தும் அழகுக் குறை. இது ஆளைக் கவிழ்க்கிற குறை. அப்பாவுக்குப் போன வருடத்திலிருந்து இடுப்பு வலி. வண்டிக்கடியில் படுப்பது நான்தான்.

நான் தட்டிக்கொண்டிருந்தபோது அக்கா வந்து நின்றாள்.

"என்னடி தாரணி, வீட்டுக் கதவைத் தட்டற மாதிரி தட்டற? உள்ள யாராச்சும் இருக்காங்களா?"

இஞ்சின் வேலை பார்க்கிற ஜபருல்லா அண்ணன் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். "இருந்தா வாடகை கேளு பாப்பா!"

அண்ணன் இதுவரை என் தட்டலைப் பார்த்துச் சிரித்ததில்லை.

ஏப்ரல் 9, புதன்

அக்கா என் சீப்பில் தலை வாரினாள்.

ஏப்ரல் 10, வியாழன்

காலையிலேயே அக்கா பிளிமத்தைக் கழுவிவிட்டாள். ஷாம்பு போட்டு, தண்ணீர்ப் பம்பை வைத்து, சக்கரத்துக்குள், அடியில், எல்லா இடத்திலும் பீய்ச்சியிருக்கிறாள். நான் போனபோது ஒரு வட்டமும் இல்லை.

"யாரோ நீலக் கலர்ல கிறுக்கி வெச்சிருந்தாங்கடி. தேச்சு எடுக்கறதுக்குள்ள கை போச்சு."

அப்பா வந்து திட்டுவார் என்று துணியைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அப்பா வந்தார்.

"அட, கண்ணாடியாட்டம் இருக்குதே!"

அவ்வளவுதான். பிறகு என் பக்கம் திரும்பி, "சீட்டு எழுதிட்டியா?" என்றார். இன்னும் இல்லை என்றேன். "எழுதிரு" என்றார்.

பத்து மணிக்கு வீடியோ. அக்கா கழுத்தோரம் சின்ன மைக்கைச் செருகிக்கொண்டாள். ஜபருல்லா அண்ணனிடம் போய் வண்டி எப்படி என்று கேட்டாள்.

"இஞ்சினுக்கு நான் பொறுப்பும்மா. இந்த வண்டி என் கல்யாணத்துக்கு முந்தியே ரிட்டயர் ஆனது, இருந்தாலும் என்னை விட நல்லா மூச்சு விடுது. பாடி சமாச்சாரம் பாப்பாவைக் கேளு."

அவள் என்னிடம் வந்தாள். செல்போன் ஓடிக்கொண்டிருந்தது.

"நீதான அடியில எல்லாம் படுத்துப் பாத்த? அடியில ஓகேதான?"

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேனா, சும்மா ஆட்டினேனா என்று எனக்கே தெரியவில்லை. செல்போன் முன்னால் என்னால் பேச முடியாது. ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னபோதும் இப்படித்தான் ஆகும். மஞ்சள் காமாலை வந்து இரண்டு மாதம் வீட்டில் இருந்தேன். சரியான பிறகும் பள்ளிக்கூடம் போகவில்லை. எல்லோரும் காமாலையால் நின்றுவிட்டேன் என்று நினைக்கிறார்கள்.

அக்கா ஸ்டாண்டுக்கு முன்னால் போய் நின்றாள். "வணக்கம் மக்களே! இந்த அழகியப் பாருங்க. அறுபத்தொம்பது வயசு ஜீவன், எழுபது ஆகப்போகுது! அடியில ஒரு பொட்டுத் துரு கிடையாது. ஊட்டி மலை ஏறலாம், இறங்கலாம், மறுபடியும் ஏறலாம்!"

ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. நான் ஏணிக்குப் பின்னால் நின்றேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

வீடியோவை நாற்பதாயிரம் பேர் பார்த்துவிட்டார்களாம். அப்பா தன் செல்போனை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்து டீக்கடையிலும் காட்டிவிட்டு வந்தார்.

"மிருது பேசறதக் கேட்டா ரேடியோவாட்டம் இருக்குது" என்றாள் அம்மா.

"அம்மிணிக்கும் கொஞ்சம் சொல்லிக்குடுக்கோணும் கண்ணு" என்றார் அப்பா. அம்மிணி என்றால் நான்.

"அதுக்கென்ன சித்தப்பா, ஒரே வாரத்துல பேச வெச்சிடறேன்."

நான் பன்னிரண்டு டம்ளர் கழுவினேன். ஒன்று கைதவறிச் சுவரில் போய் விழுந்தது. எவர்சில்வர். உடையவில்லை.

ஏப்ரல் 12, சனி

குறைச்சீட்டு எழுதி முடித்தேன். ஐந்து குறை. அப்பா கையெழுத்துப் போட்டார். இன்று எழுத்து நன்றாக விழுந்திருந்தது.

காலையில் கொத்தமல்லித் துவையல் அரைத்தேன். உப்பு கூடிவிட்டது.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரைக்கனி. கண்ணாடிக்கு முன்னால் பழத்தட்டை வைத்துவிட்டு அம்மா முதலில் அக்காவைத்தான் எழுப்பினாள். அக்காவுக்குப் பிறகு நான் போய்க் கண்ணாடியைப் பார்த்தேன். மாம்பழம், வெற்றிலை, பின்னால் நான். தலைகூட வாரவில்லை.

குன்னூரிலிருந்து அப்பாவுக்குப் போன். செலின் என்று ஒரு அம்மா. பிளிமத்தைப் பார்க்க ஈஸ்டர் முடிந்து வருகிற திங்கட்கிழமை வருகிறார். பிடித்திருந்தால் அன்றைக்கே ஓட்டிக்கொண்டு போவாராம்.

அப்பா அக்காவின் தலையில் கை வைத்து, "எல்லாம் உன்ற வாய் ராசி" என்றார்.

ஏப்ரல் 17, வியாழன்

திங்கட்கிழமை எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். வாங்க வருகிறவர்கள் எப்போதும் ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வருவார்கள். அவர் வண்டிக்கடியில் படுப்பார். திருப்புளியால் குத்துவார். அரைவிரல் உள்ளே போகும். "ஒரு பொட்டுத் துரு இல்லைன்னு வீடியோவுல சொன்னீங்களே?" என்று கேட்பார். அக்காவுக்கு வாய் அடைத்துப்போகும். அப்பா, "தெரியாததெல்லாம் பேசக் கூடாது கண்ணு, தாரணியக் கேட்டிருக்கோணும்" என்பார்.

துணி துவைக்கும்போது இதை நாலைந்து தடவை நினைத்தேன். ஒரு தடவை அக்கா அழுதாள்.

உண்மையில் இன்று அக்கா செய்தது வேறு. சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, "உன் எழுத்து அச்சு மாதிரி இருக்குடி! அடுத்த வீடியோவுல இதைக் காட்டறேன்" என்றாள். நான் சீட்டைப் பிடுங்கிக்கொண்டேன். அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பிறகு, "நீ கட்டில்ல படுத்துக்க, எனக்குப் பாய்தான் பிடிக்கும்" என்றாள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. என் கட்டிலை எனக்குத் தருவதற்கு அவள் யார்?

எனக்கு ஒன்றும் பொறாமை இல்லை.

ஏப்ரல் 21, திங்கள்

எல்லாவற்றையும் எழுத வேண்டும்.

செலின் அம்மா பதினொரு மணிக்கு வந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். ஆண்கள் கட்டுகிற பெரிய கைக்கடிகாரம், கான்வாஸ் ஷூ. பஸ்ஸில் வந்து, சாலையிலிருந்து நடந்து வந்திருந்தார். தனியாக.

"மெக்கானிக் யாரும் வரலீங்களா?" என்று அப்பா கேட்டார்.

"எதுக்கு?" என்று பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்தார். மடிப்பில் கிழிந்து, டேப் ஒட்டிய காகிதம். என் எழுத்து. இரண்டு வருடத்துக்கு முன்னால் கோத்தகிரிக்குப் போன டாட்ஜ் வண்டியின் குறைச்சீட்டு. நான் எழுதிய முதல் சீட்டு அது.

"கோத்தகிரி பால்ராஜ்கிட்ட வாங்கிட்டு வந்தேன். இதுல ஒன்பது குறை எழுதியிருக்கு. ரெண்டு வருஷமா ஓட்டறார், பத்தாவது குறை வரலையாம். விக்கறவங்களே இப்படி எழுதிக் குடுக்கற இடத்துக்கு நான் எதுக்கு மெக்கானிக்கைக் கூட்டிட்டு வரணும்? யாரோட எழுத்து இது?"

அப்பா என்னைக் காட்டினார். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"வீடியோ பாத்தீங்களா மேடம்?" என்று அக்கா கேட்டாள்.

"பாத்தேன். நீ ரொம்ப வேகம்மா, பாதி புரியலை. நான் சீட்டைத்தான் நம்புவேன்."

அக்கா சிரித்தாள். கோபமே இல்லாமல் சிரித்தாள். இரண்டு வாரமாக நான் ஆசைப்பட்டது நடந்துவிட்டது: எல்லோர் முன்னாலும் ஒருவர் அக்காவைவிட என்னைப் பெரிதாகச் சொல்லிவிட்டார். என் கண் பிளிமத்தின் இடது பின்சக்கரத்துக்குப் போனது.

அப்பா பிளிமத்தின் சீட்டைக் கொடுத்தார். செலின் அம்மா ஐந்து குறையையும் விரல் வைத்துப் படித்தார். "சரி, மலை ஏறத் தடையா ஒண்ணும் இல்லை. நான் கெஸ்ட் ஹவுஸ் நடத்தறேன். வெள்ளிக்கிழமை மேட்டுப்பாளையம் ஸ்டேஷன்ல நாலு பேர் வந்து இறங்கறாங்க, ரெண்டு சின்னப் பசங்க. இதுலதான் ஏத்திட்டுப் போகணும்னு ஆசை."

ஜபருல்லா அண்ணன் இஞ்சினை முடுக்கிக் காட்டினார். செலின் அம்மா ஸ்டீயரிங்கைப் பிடித்து உட்கார்ந்து பார்த்தார். பேச்சு முடிந்தது. அப்பா சாவிக்கு மஞ்சள் தடவினார்.

"அம்மிணி, பழத்த வெய்யி."

வண்டி பட்டறையை விட்டுப் போகும்போது நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைப்பது எப்போதும் நான்தான். வலது முன்பக்கம் வைத்தேன். இடது முன்பக்கம் வைத்தேன். வலது பின்பக்கம் வைத்தேன். நாலாவது பழத்தோடு இடது பின்சக்கரத்துக்குப் போய்க் குனிந்தேன். தார் பூசிய அந்த இடம் கண்ணுக்கு நேராக இருந்தது. குன்னூர் மலைப்பாதையில் எத்தனை வளைவு என்று எனக்குத் தெரியாது. எல்லா இடது வளைவும், எல்லா வலது வளைவும் இந்த இடத்தில்தான் வந்து அழுத்தும்.

பழத்தைக் கீழே வைத்துவிட்டு அடியில் படுத்தேன். சாக்பீஸ் எப்போதும் என் பாவாடைப் பையில் இருக்கும். வட்டம் போட்டேன்.

"பழம் வெக்கறதுக்கு எதுக்கு சாமி படுக்கற?" என்றாள் அம்மா.

வெளியே வந்தேன். செலின் அம்மாவின் கையிலிருந்து சீட்டை வாங்கினேன். பானெட் மேல் வைத்து எழுதினேன். எழுத்து கோணலாக விழுந்தது. திருப்பிக் கொடுத்தேன். அவர் சத்தமாகப் படித்தார்.

"ஆறு. இடது பின்பக்கம், பட்டை ஸ்பிரிங் மாட்டும் இடத்தில் சேசிஸ் துருப்பிடித்து உள்ளே கூடாக உள்ளது. மலையில் ஓட்டக் கூடாது. இந்தக் குறை எட்டாம் தேதியே எழுதுபவருக்குத் தெரியும்."

அப்பா கையிலிருந்த சாவியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போது அக்கா முன்னால் வந்தாள். "சித்தப்பா, என்னாலதான். கழுவும்போது அவ போட்ட வட்டத்தை எல்லாம் நான்தான் அழிச்சிட்டேன். அதான் அவ மறந்துட்டா. நான்தான் வீடியோவுலயும் தப்பா சொன்னேன்."

எவ்வளவு அழகாகச் சொன்னாள். அவள் கண் கலங்கியிருந்தது. அப்பாவின் முகம் அவள் பக்கம் இளகுவதைப் பார்த்தேன். இன்னும் ஒரு நிமிடம் போனால், செய்யாத தப்பை ஏற்றுக்கொண்ட நல்ல பெண்ணாகவும் அவளே ஆகிவிடுவாள். என்னிடம் மிச்சமிருந்தது அந்தத் தப்பு ஒன்றுதான். அதையும் அவளுக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை.

"அவ இல்ல" என்றேன். "நான் மறக்கல. நான்தான் எழுதாம விட்டேன். அவ மாட்டிக்கட்டும்னு."

அத்தனை பேர் முன்னால், அவ்வளவு சத்தமாக.

அப்பா சட்டையைக் கழற்றிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு பலகையில் படுத்து, வண்டிக்கு அடியில் போனார். திருப்புளி உள்ளே இறங்குகிற சத்தம் கேட்டது. வெளியே வர ஜபருல்லா அண்ணன் கை கொடுக்க வேண்டியிருந்தது.

"மன்னிச்சுக்கோங்மா. வண்டி இன்னிக்குக் குடுக்கறதுக்கில்லீங்" என்றார்.

செலின் அம்மா டாட்ஜ் சீட்டை மடித்துத் திரும்பப் பையில் வைத்தார். பிளிமத் சீட்டை என் கையில் கொடுத்தார். "ஆறு" என்றார். பிறகு மேட்டுப்பாளையத்துக்கு அடுத்த பஸ் எப்போது என்று கேட்டார்.

ஏப்ரல் 22, செவ்வாய்

பிளிமத்தைக் கூரைக்கடியிலிருந்து வேப்பமரத்தடிக்குத் தள்ளினோம். அப்பா ஸ்டீயரிங்கைப் பிடித்தார். அக்காவும் நானும் டிக்கியில் தோள் கொடுத்துத் தள்ளினோம். முதல் உருளலிலேயே எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. யாரும் போகாத பயணத்துக்குப் பழம் வீண்.

"எங்கிட்ட வந்து சண்டை போட்டிருக்கலாம்லடி" என்றாள் அக்கா மூச்சு வாங்கிக்கொண்டே. "முடியப் பிடிச்சு இழுத்திருக்கலாம். நாலு பேரு மலையில விழுந்திருந்தா?"

"தெரியும்."

"எனக்கு உன்மேல கோவம் போகலை."

"சரி."

கோபத்திலும் நன்றாகத் தள்ளினாள். என்னைவிட நன்றாக.

மரத்தடியில் வண்டி நின்றதும் அப்பா இறங்கினார். நேற்றிலிருந்து என்னிடம் பேசாதவர் ஒரு வார்த்தை சொன்னார்: "அந்தச் சீட்டுல இருக்கறது என்னோட கையெழுத்து."

அடித்திருந்தால் பரவாயில்லை.

ஏப்ரல் 26, சனி

அக்கா பிளிமத்தை வேலை வண்டியாக மறுபடி வீடியோ எடுத்தாள். "பழைய வீடியோவுல நான் சொன்னது தப்பு மக்களே" என்று ஒரே வரி சொன்னாள். பிறகு வாயை மூடிக்கொண்டு செல்போனை என் கைக்கு நேராகப் பிடித்தாள். நான் தட்டினேன். டங். டங். டொக். வட்டம். ஆறு வட்டம் வரும்வரை யாரும் பேசவில்லை. என் முகம் தெரியாது, கை மட்டும்தான்.

முதல் வீடியோவைப் பார்த்தவர்களில் பாதிப் பேர்கூட இதைப் பார்க்கவில்லையாம். அக்கா அதை வருத்தத்தோடு சொன்னாள். எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது.

மே 3, சனி

செலின் அம்மாவின் போன். அந்த வெள்ளிக்கிழமை வந்து இறங்கிய நாலு பேரையும் வாடகை வண்டியில் கூட்டிப் போனாராம். அந்த இடத்தை வெட்டி எடுத்துப் புது இரும்பு வைத்து வெல்டிங் செய்ய எத்தனை நாள் ஆகும் என்று கேட்டாராம். அப்பா இரண்டு மாதம் என்றாராம்.

"முடிஞ்சதும் சீட்டு புதுசா எழுதி அனுப்பச் சொன்னாங்க" என்றார் அப்பா, அம்மாவிடம். பிறகு என்னைப் பார்க்காமல் சாக்பீஸ் டப்பாவை என் பக்கம் நகர்த்திவிட்டு, "எழுதறதுக்கு முந்தி நானும் ஒருக்கா அடியில படுத்துப் பாப்பேன்" என்றார்.

இடுப்பு வலியோடு. இனிமேல் ஒவ்வொரு வண்டிக்கும்.

மே 6, செவ்வாய்

அக்கா ஊருக்குப் போனாள். கோயம்புத்தூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நான் போனேன். பஸ்ஸில் ஏறுவதற்கு முன்னால் என் சீப்பைக் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். ஒரு பல் உடைந்திருந்தது.

"உடைச்சது நான்தான். சீட்டுல எழுதிக்க" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். ஒரு மாதத்தில் நாங்கள் சேர்ந்து சிரித்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

ஜன்னலோரம் உட்கார்ந்து கை காட்டினாள். பஸ் கிளம்புவதற்குள் பக்கத்து இருக்கைப் பெண் ஏதோ கேட்டாள். அக்கா அந்தப் பக்கம் திரும்பி, கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னாள். இரண்டு பேரும் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார்கள்.

யாரென்றே தெரியாத அந்தப் பெண்ணைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.